வான் டைக்குக்கு 7.5 கோடி பவுண்ட்: ஒரு டிஃபெண்டருக்கு இவ்வளவு கொடுக்கலாமா?

பின்வரிசைப் பித்தன் | 27 டிசம்பர் 2017

சவுத்தாம்ப்டனின் வர்ஜில் வான் டைக் லிவர்பூலுக்குப் போகிறார். இரண்டு கிளப்பும் அறிவித்துவிட்டன. தொகை 7.5 கோடி பவுண்ட் என்கிறார்கள். ஜனவரி 1 முதல் லிவர்பூல்காரர். உலகத்தில் இதுவரை எந்த டிஃபெண்டருக்கும் யாரும் இவ்வளவு கொடுத்ததில்லை. ஜூலையில் மான்செஸ்டர் சிட்டி டிஃபெண்டர் மென்டிக்கு 5.2 கோடி கொடுத்தபோதே இங்கே பாதிப்பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

நான் 'கொடுக்கலாம்' கட்சி. இந்த சீசனையே பாருங்கள். முதல் நாளே வாட்ஃபோர்டில் இஞ்சுரி டைமில் ஒரு கார்னர், 3-3. வெம்ப்லியில் டாட்டன்ஹாமிடம் 1-4. அன்றைக்கு டிஃபெண்டர் லவ்ரெனை 31ஆவது நிமிடத்திலேயே பயிற்சியாளர் க்ளாப் வெளியே எடுத்துவிட்டார். செவியாவில் இடைவேளைக்கு 3-0 முன்னிலை, முடியும்போது 3-3. போன வெள்ளிக்கிழமை ஆர்சனலில் இரண்டு கோல் முன்னால் இருந்துவிட்டு ஐந்து நிமிடத்துக்குள் மூன்று வாங்கினார்கள். முன்னால் சலா, மானே, ஃபிர்மினோ, கூட்டினியோ என்று நான்கு பேர் அள்ளி அள்ளி ஊற்றுகிறார்கள். பின்னால் ஓட்டைப் பானை.

இதே தொகைக்கு இன்னொரு ஸ்ட்ரைக்கர் வந்திருந்தால் பட்டாசு வெடித்திருப்போம். டிஃபெண்டர் என்றதும் மட்டும் எல்லோருக்கும் சிக்கனம் வந்துவிடுகிறது. ஏன்?

ரெட் ராயபுரம் | 27 டிசம்பர் 2017

வந்துட்டாரய்யா! ஜூனில் மன்னிப்பு அறிக்கை விட்ட அவமானமெல்லாம் இன்றோடு போச்சு.

கணக்குப்பிள்ளை | 27 டிசம்பர் 2017

அந்த மன்னிப்பை நான் மறக்கமாட்டேன் ராயபுரம் தம்பி. விலை ஏறியதே அங்கேதான். தங்களைக் கேட்காமல் வீரரோடு பேசுகிறார்கள் என்று சவுத்தாம்ப்டன் லீக்கில் முறையிட்டது. லிவர்பூல் ஊரறிய மன்னிப்புக் கேட்டு, இனி அவரைக் கேட்கமாட்டோம் என்றது. ஆகஸ்டில் வான் டைக்கே போகவேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அவருடைய ஒப்பந்தமோ 2022 வரை இருக்கிறது. வாங்குகிறவருக்கு அவசரம், போகிறவருக்கு அவசரம், விற்கிறவருக்கு மட்டும் எந்த அவசரமும் இல்லை. இந்த நிலைமையில் பேசி முடித்த தொகை வான் டைக்கின் விலை இல்லை, லிவர்பூலின் அவசரத்துக்கு விலை.

2013இல் செல்டிக் இவரை வாங்கியது 26 லட்சம் பவுண்டுக்கு. 2015இல் சவுத்தாம்ப்டன் 1.3 கோடிக்கு. இப்போது அதைப் போல் ஆறு மடங்கு. நடுவில் என்ன சாதித்தார்? இந்த ஜனவரியில் லெஸ்டர் ஆட்டத்தில் கணுக்கால் போய், செப்டம்பர் வரை ஆடவில்லை. லீக் கோப்பை இறுதி ஆட்டமும் அதில் போச்சு. நெதர்லாந்து 2016 யூரோவுக்குப் போகவில்லை, அடுத்த வருடம் ரஷ்யாவுக்கும் போகவில்லை. ஸ்காட்லாந்துக்கு வெளியே கையில் ஒரு கோப்பை கிடையாது. நல்ல ஆட்டக்காரர்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. உலக சாதனைத் தொகைக்கு 'நல்ல' போதுமா என்பதுதான் கேள்வி.

பித்தர் அடுக்கிய கோல்களையும் ஒரு தரம் திரும்பிப் பாருங்கள். வாட்ஃபோர்டு கோல் கார்னரில் வந்தது. கார்னரில் கோல்கீப்பர் எங்கே நிற்கிறார் என்பதும் சேர்ந்ததுதான். அந்தப் பிரச்சினைக்கு ஒரு பைசா ஒதுக்கவில்லையே?

கிளாஸ்கோ குமரன் | 28 டிசம்பர் 2017

நான் இருக்கும் ஊரில் இரண்டு வருடம் ஆடியவர், அதனால் கொஞ்சம் பேசலாம் என்று நினைக்கிறேன்.

செல்டிக்கில் அவர் ஆட்டத்தைப் பார்த்தால் முதலில் சோம்பேறி என்றுதான் தோன்றும். மற்ற டிஃபெண்டர்கள் விழுந்து புரண்டு கைதட்டல் வாங்குவார்கள். இவர் சட்டையில் அழுக்கே படாது. பந்து எங்கே விழுமோ அங்கே முன்கூட்டியே போய் நின்றுகொள்வார். எடுத்த பந்தை 40 கஜம் தள்ளி எதிர் ஓரத்துக்கு அனுப்புவார். ஃப்ரீ கிக்கும் அடிப்பார். ஸ்காட்லாந்து லீக் அவருக்கு ரொம்ப எளிது, அதுதான் சிக்கலும். கவனம் நழுவும். இன்டர் மிலான் மைதானத்தில் சிவப்பு அட்டை வாங்கியது, மால்மோவிடம் தோற்று சாம்பியன்ஸ் லீக் போனது, இரண்டும் இங்கே யாரும் மறக்கவில்லை. அவர் செல்டிக்கில் இருந்தவரை நெதர்லாந்து ஒரு தடவைகூட ஆடவிடவில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சவுத்தாம்ப்டன் போன பிறகுதான் முதல் சர்வதேச ஆட்டம்.

என் கருத்து, எதிரில் பெரிய ஆள் நின்றால்தான் இவர் முழுசாக விழித்திருப்பார். லிவர்பூலில் வாராவாரம் விழித்திருக்கவேண்டி வரும்.

மறுவிற்பனையில் செல்டிக்குக்கும் ஒரு பங்கு உண்டு. அதனால் இங்கே யாரும் 7.5 கோடி அதிகம் என்று சொல்லவில்லை :)

டெவில் துரை | 28 டிசம்பர் 2017

நாங்கள் யுனைடெட்காரர்கள் போன வருடம் போக்பாவுக்கு 8.9 கோடி கொடுத்தபோது க்ளாப் என்ன சொன்னார்? கால்பந்து இப்படித்தான் என்று ஆகும் நாளில் தான் இந்த வேலையில் இருக்கமாட்டேன் என்ற பாணியில் பேசினார். ஆள் இன்னும் வேலையில்தான் இருக்கிறாரா?

ரெட் ராயபுரம் | 28 டிசம்பர் 2017

துரை, நெய்மருக்கு 22.2 கோடி யூரோ கொடுத்த வருடம் இது. சந்தை மாறினால் பேச்சும் மாறும். உங்கள் ஆள் மொரீனியோ வாங்கிக் குவிக்காததா?

டெவில் துரை | 28 டிசம்பர் 2017

நாங்கள் வாங்கிக் குவிப்போம், ஆனால் மற்றவர்களுக்கு ஒழுக்கம் சொல்லிக் கொடுக்கமாட்டோம். அதுதான் வித்தியாசம். லாம்பர்ட், லல்லானா, லவ்ரென், க்ளைன், மானே, இப்போது இவர். பேசாமல் சவுத்தாம்ப்டனையே வாங்கிவிடுங்கள், மலிவாக முடியும்.

தேன்மொழி | 28 டிசம்பர் 2017

ஒரு சந்தேகம். 7.5 கோடியை ஒரே தடவையில் எடுத்து வைக்கிறார்களா? வீரரின் சம்பளம் இதில் சேர்ந்ததா, தனியா?

கணக்குப்பிள்ளை | 28 டிசம்பர் 2017

நல்ல கேள்வி தேன்மொழி. பாதிச் சண்டை இது புரியாமல் வருவதுதான்.

7.5 கோடி சவுத்தாம்ப்டனுக்குப் போவது. வீரருக்கு வாரச் சம்பளம் தனி. கிளப்புகள் டிரான்ஸ்ஃபர் தொகையைப் பெரும்பாலும் தவணையில்தான் கொடுக்கும். ஆனால் கையிலிருந்து போகும் காசு வேறு, கணக்குப் புத்தகத்தில் விழும் செலவு வேறு. புத்தகத்தில் மொத்தத் தொகையை ஒப்பந்தக் காலத்துக்குச் சமமாகப் பிரித்து எழுதுவார்கள். இவருடையது 2023 கோடை வரை, ஐந்தரை வருடம். அப்படியென்றால் வருடத்துக்கு சுமார் 1.36 கோடி, அதோடு சம்பளம். ஒரு வீரரை 'வைத்திருக்க' ஆகும் செலவு இந்த இரண்டின் கூட்டுத்தொகைதான். 7.5 என்ற எண்ணை மட்டும் பார்த்து மயங்கவும் வேண்டாம், மிரளவும் வேண்டாம்.

வயது 26. ஸ்ட்ரைக்கர்கள் 30 தாண்டினால் கால் கனக்கும். சென்டர் பேக் 33 வரைக்கும் ஓட்டுவார். அந்த அளவில் பித்தருக்குச் சாதகமான கணக்கு ஒன்று இருக்கிறது, நானே எடுத்துக் கொடுக்கிறேன். ஆனால் சென்டர் பேக்கைத் திரும்ப விற்றுக் காசு பார்ப்பது குதிரைக்கொம்பு. கணுக்கால் இன்னொரு தடவை போனால் வருடம் 1.36 கோடி சும்மா ஓடும்.

பின்வரிசைப் பித்தன் | 28 டிசம்பர் 2017

பிள்ளைவாள், திரும்ப விற்க எதற்கு வாங்கவேண்டும்? வைத்திருக்கத்தான் வாங்குகிறார்கள்.

ரெட் ராயபுரம் | 5 ஜனவரி 2018

எஃப்.ஏ. கோப்பை. ஆன்ஃபீல்டில் எவர்ட்டன். முதல் ஆட்டம். 84ஆவது நிமிடம், சேம்பர்லெயின் கார்னர், காப் ரசிகர் மேடைப் பக்கத்து கோல், தலையால் ஒரே முட்டு. 2-1.

வேறு பேச்சு இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை | 6 ஜனவரி 2018

இருக்கிறது. கோல் அடிக்கவா வாங்கினீர்கள்? சிகுர்ட்சன் அடித்த கோலுக்கு எதிரணியைச் சும்மா விட்டது யார்?

அது போகட்டும். இன்றைய செய்தி அதைவிடப் பெரிது. கூட்டினியோ பார்சலோனாவுக்கு, எல்லாம் சேர்த்து 14.2 கோடி வரை வரும் என்கிறார்கள். 2013இல் 85 லட்சத்துக்கு வாங்கியவர். வாங்கிய செலவு ஐந்தரை வருடத்துக்குப் பிரியும் என்று சொன்னேன் அல்லவா? விற்ற லாபம் அப்படிப் பிரியாது, அந்த வருடமே முழுசாக வரவில் விழும். இப்போது புரிகிறதா எந்தத் தைரியத்தில் 7.5 கோடி என்று? பார்சலோனாவுக்கு நெய்மரை இழந்த அவசரம், கையில் பணம். அந்தப் பணம் லிவர்பூல் வழியாக சவுத்தாம்ப்டனுக்குப் போகிறது. இதில் 'தகுதி' எங்கே வந்தது?

கணக்குப்பிள்ளை | 23 ஜனவரி 2018

வான் டைக் இல்லாமல் சிட்டியை 4-3. வான் டைக்கோடு கடைசி இடத்து சுவான்சியிடம் 0-1.

தகவலுக்காக.

ரெட் ராயபுரம் | 23 ஜனவரி 2018

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அதற்குள் கணக்கு முடிக்கிறீர்களா? உமக்கு டாட்டன்ஹாம் பாசமோ என்று ரொம்ப நாளாகவே சந்தேகம்.

மட்டுறுத்துநர் | 23 ஜனவரி 2018

இதற்குப் பிறகு வந்த ஏழு பதிவுகள் நீக்கப்பட்டன. ஆட்டத்தைப் பேசுங்கள், ஆளைப் பேசாதீர்கள்.

கோல்கம்பம் | 1 ஏப்ரல் 2019

பழைய இழையைத் தூசி தட்டுகிறேன், மன்னிக்கவும். நேற்றைய டாட்டன்ஹாம் ஆட்டத்தில் ஒரு பத்து விநாடியைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

1-1. ஆட்டம் முடியச் சில நிமிடம். லிவர்பூல் முழுவதும் எதிர்ப் பாதியில். பந்து பறிபோகிறது. சிசோகோ பந்தோடு வருகிறார், பக்கத்தில் சன். நடுவில் வான் டைக் ஒருவர் மட்டும். இரண்டுக்கு ஒன்று. நம்மில் யாராக இருந்தாலும் பந்து வைத்திருப்பவர் மேல் பாய்ந்திருப்போம், அவர் தட்டிவிட்டிருப்பார், சன் கோல் அடித்திருப்பார்.

வான் டைக் பாயவில்லை. பின்னாலேயே நகர்ந்துகொண்டு வந்தார். உடம்பு சிசோகோவைப் பார்க்கிறது, ஆனால் நிற்கும் இடம் சன்னுக்குப் போகும் பாதையில். பாஸ் கொடுக்க முடியாது, கொடுத்தால் காலில் படும். சிசோகோ ஓடிக்கொண்டே யோசிக்கிறார், யோசிக்க யோசிக்கப் பெட்டி நெருங்குகிறது. கடைசி நொடியில்தான் இவர் ஓர் எட்டு சிசோகோ பக்கம் போகிறார், அதுவும் வலது கால் பக்கத்தை மூடிக்கொண்டு. இடது காலால் அடிக்கவேண்டிய நிலை. பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. அதன் பிறகு ஆல்டர்வெய்ரல்டு சொந்த கோல், 2-1.

பந்தைத் தொடவே இல்லை ஐயா! புள்ளிவிவரத் தாளில் இதற்கு என்ன போடுவார்கள்? டேக்கிள் பூஜ்யம், இன்டர்செப்ஷன் பூஜ்யம். எதிரணியில் யாருக்குப் பந்து போனால் ஆபத்து, யாருடைய எந்தக் கால் சொத்தைக் கால் என்று ஓடிக்கொண்டே முடிவு செய்திருக்கிறார். 7.5 கோடி எதற்கு என்று இனி யாராவது கேட்டால் அந்தக் காட்சியைப் போட்டுக் காட்டுங்கள்.

தேன்மொழி | 1 ஏப்ரல் 2019

நேற்றிரவே நானும் மூன்று நான்கு தடவை திரும்பப் போட்டுப் பார்த்தேன். சன் கடைசி வரை கையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், பாவம்.

கணக்குப்பிள்ளை | 13 மே 2019

சீசன் முடிந்தது. லிவர்பூல் 97 புள்ளி, சிட்டி 98. வாங்கிய கோல் 22. போன சீசனில் 38, அதற்கு முந்தையதில் 42. இறக்கம் பெரிதுதான்.

ஆனால் வரவை ஒருத்தர் பெயரிலேயே எழுதாதீர்கள். போன ஜூலையில் சுமார் 6.7 கோடிக்கு அலிசன் வந்தார். போன வருடம் கியேவில் சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர் தவறால் என்ன ஆச்சு என்பது எல்லோருக்கும் தெரியும். ஃபபின்யோ வந்தார். ஹல் சிட்டியிலிருந்து கிட்டத்தட்ட இனாம் விலைக்கு வந்த ராபர்ட்சன் இடது பக்கம் ஓடித் தேய்க்கிறார். நான்கு பேரும் சேர்ந்து செய்ததற்கு ஒருவருக்கு மட்டும் மாலை.

பின்வரிசைப் பித்தன் | 14 மே 2019

மாலை போட்டது நாங்கள் இல்லை பிள்ளைவாள், சக ஆட்டக்காரர்கள். இந்த வருட பி.எஃப்.ஏ. சிறந்த வீரர் விருது அவருக்குத்தான். லீக்கில் 38 ஆட்டத்திலும் இறங்கினார். பக்கத்தில் லவ்ரென், கோமஸ், மட்டிப் என்று ஆள் மாறிக்கொண்டே இருந்தது. யார் வந்தாலும் அந்த ஆள் போன சீசனைவிட நன்றாக ஆடினார். அது எப்படி?

இடது பக்க ராபர்ட்சனும் வலது பக்க ட்ரென்டும் அவ்வளவு முன்னால் போய் கிராஸ் போடுவது யாரை நம்பி? அணி மொத்தமும் நடுக்கோடு வரை ஏறி நிற்கிறது, பின்னால் அரை மைதானம் காலி. அங்கே விழும் நீளப் பந்துக்கு ஓடி ஜெயிக்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற தெம்பில்தான் க்ளாப் அந்த ஆட்டத்தையே ஆடுகிறார். நீங்கள் கோல் கணக்குப் பார்க்கிறீர்கள். ட்ரென்டின் அசிஸ்டிலும் இவருக்குப் பங்கு உண்டு.

ரெட் ராயபுரம் | 2 ஜூன் 2019

மாட்ரிட். 2-0. ஆறாவது ஐரோப்பியக் கோப்பை. ஆட்ட நாயகன் யார் என்று சொல்லத் தேவையில்லை.

பிள்ளைவாள் எங்கே, சுவான்சியிலா?

கணக்குப்பிள்ளை | 5 ஆகஸ்ட் 2019

இங்கேதான் இருக்கிறேன். இன்றைக்குத்தான் எனக்கு வேலை.

மான்செஸ்டர் யுனைடெட் லெஸ்டரிடமிருந்து ஹாரி மக்வயரை வாங்கிவிட்டது. 8 கோடி பவுண்ட். வான் டைக் சாதனை ஒன்றரை வருடத்தில் காலி. இந்தக் கோடையில் பயர்ன் லூகாஸ் எர்னாண்டஸுக்கு 8 கோடி யூரோ, யுவென்டஸ் டி லிக்ட்டுக்கு 7.5 கோடி யூரோ.

நான் 2017இல் சொன்னதை இப்போது மக்வயரை வைத்துப் படித்துப் பாருங்கள். லெஸ்டருக்கு விற்கும் அவசரம் இல்லை, யுனைடெட்டிடம் பணம் இருப்பது ஊருக்கே தெரியும், ஒப்பந்தத்தில் மிச்ச வருடங்கள் ஏராளம். அதே சூத்திரம், அதே விடை. இரண்டு தொகையும் கிட்டத்தட்ட ஒன்று. இரண்டு ஆட்டக்காரர்களும் ஒன்றா?

டெவில் துரை | 5 ஆகஸ்ட் 2019

மக்வயர் இன்னும் ஒரு பந்துகூடத் தொடவில்லை, அதற்குள்ளா? போன வருடம் உலகக் கோப்பை அரையிறுதி வரை இங்கிலாந்தைக் கொண்டுபோன பின்வரிசை அவருடையது. வான் டைக் உலகக் கோப்பையை வீட்டில் டிவியில் பார்த்தார்.

கோல்கம்பம் | 6 ஆகஸ்ட் 2019

துரை, மக்வயர் நல்லவர். பெட்டிக்குள் நின்று தலையால் முட்டி வெளியேற்றுவதில் கெட்டிக்காரர். ஆனால் அவரை நடுக்கோட்டில் நிறுத்தி, முதுகுக்குப் பின்னால் அரை மைதானத்தைத் திறந்துவிட்டால் திரும்பி ஓடவேண்டும். அங்கேதான் பயம். லெஸ்டர் பின்னால் உட்கார்ந்து ஆடியது, அதில் அது தெரியாது. யுனைடெட் பயிற்சியாளர் ஓலே எப்படி ஆடவைக்கப் போகிறார் என்பதைப் பொறுத்தது.

பிள்ளைவாளிடம் ஒரு கேள்வி. ஒரே சூத்திரத்தில் விலை வந்தால் தகுதியும் ஒன்று என்று ஆகாது, சரி. அப்படியானால் விலை அதிகம் என்பதாலேயே தகுதி இல்லை என்றும் ஆகாதே?

கணக்குப்பிள்ளை | 6 ஆகஸ்ட் 2019

ஆகாதுதான். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? விலை தகுதியைப் பற்றி எதுவும் சொல்வதில்லை என்பதுதான் என் கட்சி. வான் டைக் 4 கோடிக்கு வந்திருந்தாலும் இதேதான் ஆடியிருப்பார். நீங்கள் எல்லோரும் 'பார்த்தாயா, விலைக்கு ஏற்ற ஆட்டம்' என்கிறீர்கள். அப்படிப் பேசிப் பேசியே அடுத்த கிளப்புக்கும் 8 கோடி கொடுத்தால் ஒரு வான் டைக் கிடைப்பார் என்ற நினைப்பு வருகிறது.

தேன்மொழி | 3 டிசம்பர் 2019

பாலோன் டோர் விருது வாக்கில் மெஸ்ஸி 686, வான் டைக் 679. ஏழே புள்ளி! 2006 கன்னவாரோவுக்குப் பிறகு ஒரு டிஃபெண்டர் இவ்வளவு பக்கத்தில் வந்ததே பெரிது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன்.

இன்னொன்று. மே மாதம் அலிசனால்தான் என்று பேச்சு வந்தது. இந்த சீசன் முதல் ஆட்டத்திலேயே அலிசன் காயம், அக்டோபர் நடுவில்தான் திரும்பினார். கிளப் இல்லாமல் சும்மா இருந்த அட்ரியன் கோலில் நின்றார். லீக்கில் முதல் எட்டு ஆட்டமும் வெற்றி.

ரெட் ராயபுரம் | 18 அக்டோபர் 2020

எழுதவே கை வரவில்லை. எவர்ட்டனின் குடிசன் பார்க்கில் ஆறாவது நிமிடம். அவர்கள் கோல்கீப்பர் பிக்ஃபோர்டு இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு வான் டைக் மேல் விழுந்தார். ஆஃப்சைடு என்பதால் பெனால்டி இல்லை. சரி, சிவப்பு அட்டைகூடவா கிடையாது? முழங்கால் தசைநார். அறுவை சிகிச்சையாம்.

பின்வரிசைப் பித்தன் | 8 மார்ச் 2021

ஃபுல்ஹாமும் ஆன்ஃபீல்டில் ஜெயித்துவிட்டது. பர்ன்லி, பிரைட்டன், சிட்டி, எவர்ட்டன், செல்சி, ஃபுல்ஹாம். வீட்டிலேயே தொடர்ந்து ஆறு தோல்வி. அதற்கு முன்னால் லீக்கில் 68 ஆட்டம் அதே மைதானத்தில் தோற்காத அணி இது. 1999க்குப் பிறகு எவர்ட்டன் இங்கே ஜெயித்தது இந்தத் தடவைதான்.

ஒரு டிஃபெண்டருக்கு என்ன மதிப்பு என்று ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்க முடியாது என்பார்கள். பார்த்தாகிவிட்டது.

கணக்குப்பிள்ளை | 8 மார்ச் 2021

உங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரே நேரத்தில் மூன்று மருந்தை நிறுத்தியிருக்கிறார்கள் பித்தரே. நவம்பரில் இங்கிலாந்து பயிற்சியில் கோமஸுக்கு முழங்கால் போச்சு. ஜனவரியில் மட்டிப். அந்த ஓட்டையை அடைக்க ஃபபின்யோவையும் ஹெண்டர்சனையும் பின்னால் இழுத்தார்கள், நடுவரிசையும் காலி. அப்புறம் முன்வரிசைக்குப் பந்து எங்கிருந்து வரும்? ஆறு தோல்வியில் லிவர்பூல் அடித்த கோலை எண்ணிப் பாருங்கள், வாங்கியதை விட்டுவிடுங்கள். ஒரு ஆட்டத்தில்தான் கோலே அடித்தது, அதுவும் சலாவின் பெனால்டி.

எனக்கு இதைவிடக் கோபம் போன ஜூலை மேல்தான். லவ்ரெனை ஸெனிட்டுக்கு விற்றார்கள். அவர் இடத்துக்கு ஒருவரையும் வாங்கவில்லை. இரண்டு சீசன் லீக்கில் ஓர் ஆட்டம் விடாமல் ஆடியவர் மூன்றாவது சீசனும் அப்படியே ஆடுவார் என்று எழுதிவைத்துக்கொண்டார்கள். சாதனைத் தொகை கொடுத்து வாங்கிய ஆளிடம் வரும் ஆபத்து இது. அவர் சுமாராக ஆடினால் பிரச்சினை சின்னது, மாற்று தேடுவீர்கள். பிரமாதமாக ஆடினால் மாற்று என்ற நினைப்பே போய்விடும். கடைசியில் இப்போது நாட் ஃபிலிப்ஸும் ரிஸ் வில்லியம்ஸும் நிற்கிறார்கள். இருவரும் உயிரைக் கொடுத்து ஆடுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவில்லை.

கிளாஸ்கோ குமரன் | 9 மார்ச் 2021

இந்த இழையில் முதல் தடவையாக பிள்ளைவாள் 'அவர் பிரமாதமாக ஆடினால்' என்று எழுதியிருக்கிறார். குறித்துவைத்துக்கொள்கிறேன்.

கணக்குப்பிள்ளை | 9 மார்ச் 2021

'ஆடினால்' என்பதையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

ரெட் ராயபுரம் | 17 ஏப்ரல் 2025

இழை இன்னும் உயிரோடு இருக்கிறதா?

கையெழுத்து ஆகிவிட்டது, 2027 வரை! போன வாரம் சலா, இன்று கேப்டன். லீக் ஏறக்குறைய கையில். ஞாயிறன்று வெஸ்ட் ஹாம் ஆட்டத்தில் அவர் உதைத்த பந்து ராபர்ட்சன் மேல் பட்டு சொந்த கோல். சில நிமிடத்திலேயே அவரே கார்னரில் தலையால் முட்டி 2-1. ஒரே ஆட்டத்தில் கடனும் வசூலும்.

டெவில் துரை | 17 ஏப்ரல் 2025

ஜூலையில் 34 வயது ஆகும் ஆளுக்கு இரண்டு வருடம், அதுவும் உச்சச் சம்பளம். 30 தாண்டினால் நீட்டிக்கத் தயங்கும் முதலாளிகள் உங்கள் முதலாளிகள். வைனால்டமை 2021இல் சும்மாவே பி.எஸ்.ஜி.க்கு அனுப்பினார்கள். ஃபிர்மினோவும் அப்படித்தான் போனார். இவருக்கு மட்டும் என்ன தனிச் சட்டம்? மக்வயரைக் கிண்டல் செய்ததெல்லாம் நினைவிருக்கிறது, அதனால் கேட்கிறேன்.

பின்வரிசைப் பித்தன் | 17 ஏப்ரல் 2025

வேகத்தை நம்பி ஆடியவருக்கு 34 வயது பயம். இவர் வேகம் இருந்த காலத்திலேயே ஓடாமல் ஆடியவர், குமரன் அன்றைக்கே எழுதியிருக்கிறார். முழங்கால் போய்த் திரும்பியவர், கேப்டன் பட்டை கட்டியவர், போன வருடம் லீக் கோப்பை இறுதியில் 118ஆவது நிமிடத்தில் செல்சிக்கு எதிராகத் தலையால் அடித்துக் கோப்பையை எடுத்துக் கொடுத்தவர். ட்ரென்ட் மாட்ரிட் போகப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. சலாவையும் இவரையும் சேர்த்து மூன்று பேரையும் ஒரே கோடையில் சும்மா விட்டால் அந்த உடைமாற்று அறையில் யார் மிச்சம்?

பிள்ளைவாளுக்காக ஒரு கணக்கு. 2018 ஜனவரி முதல் இந்த ஜூன் வரை ஏழரை வருடம். 7.5 கோடியை ஏழரையால் வகுத்தால் வருடத்துக்குச் சுளையாக ஒரு கோடி. அதற்கு ஒரு ஐரோப்பியக் கோப்பை, ஒரு லீக், அடுத்தது வந்துகொண்டிருக்கிறது, எஃப்.ஏ. கோப்பை, லீக் கோப்பைகள். ஓர் உலக சாதனைத் தொகை இதைவிட மலிவாக எங்கே விழுந்திருக்கிறது?

கணக்குப்பிள்ளை | 18 ஏப்ரல் 2025

வகுத்தல் சரி. புத்தகம் வேறு மாதிரி. 2021 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை 2025 வரை நீட்டினார்கள் அல்லவா, அப்போது மீதமிருந்த தொகை புதிய காலத்துக்குப் பரவியிருக்கும். ஆக இந்த ஜூன் 30 அன்று அந்த 7.5 கோடி கணக்கில் பூஜ்யம். ஜூலை முதல் வான் டைக் என்றால் வெறும் சம்பளம் மட்டும். அவர் தரத்தில் இன்னொருவரை வாங்க இன்றைக்கு டிரான்ஸ்ஃபர் தொகை தனி, சம்பளம் தனி. அதனால் துரைக்குப் பதில்: இரண்டு வருடம் சரி. மூன்று கேட்டிருந்தால் இங்கே வந்து சண்டை போட்டிருப்பேன்.

வைனால்டம் ஒப்பீடு சரிப்படாது. நடுவரிசையில் ஓடி ஓடித் தேய்ந்த கால் வேறு. மக்வயர் ஒப்பீடும் வேண்டாம் துரை. உங்கள் கிளப் அவரை வாங்கிய ஆறு மாதத்துக்குள் கேப்டன் ஆக்கியது, அப்புறம் பட்டையைப் பிடுங்கியது, இன்னும் ஆடவைக்கிறது. அதில் அவர் தப்பு பாதிகூட இல்லை.

2017இல் நான் எழுதியதை அழிக்கச் சொல்லி ராயபுரம் தனிமடல் அனுப்பியிருக்கிறார். அழிக்கமாட்டேன். சவுத்தாம்ப்டன் அன்றைக்கு 6 கோடிக்கு ஒத்துக்கொண்டிருந்தால் மிச்சம் ஒன்றரைக் கோடியில் ஒரு மாற்று டிஃபெண்டர் வந்திருப்பார், 2021 தொடக்கத்தில் அந்த ஆறு தோல்வி இருந்திருக்காது.

ரெட் ராயபுரம் | 18 ஏப்ரல் 2025

மாற்று டிஃபெண்டர்! ஏழு வருடமாக அதே பாட்டு!

கோல்கம்பம் | 18 ஏப்ரல் 2025

பாட்டு பழசானாலும் கேள்வி புதுசுதான் ராயபுரம். 2027இல் இவர் போகும்போது பக்கத்தில் யார் நிற்பார்? கொனாட்டே ஒப்பந்தம் அடுத்த வருடம் ஜூனில் முடிகிறது, இன்னும் கையெழுத்து இல்லை. அவருக்கு 25 வயது, அடிக்கடி காயம். என்ன சம்பளம் கொடுப்பீர்கள்?

கணக்குப்பிள்ளை | 18 ஏப்ரல் 2025

அதற்குத் தனி இழை திறங்கள். முதல் பதிவை நான் போடுகிறேன்.